இரண்டு வயர் மாட்டிய பெட்டி

கும்மிடிப்பூண்டியில் நான் பெருக்கும் கம்பெனியில், கேமரா பதிவுகள் இருக்கும் பெட்டிக்கு இன்று இரண்டாவது கரண்ட் வயர் கொடுத்தார்கள். ஒன்றில் கரண்ட் போனாலும் மற்றது தாங்குமாம்.

சோதித்துப் பார்க்க, இன்ஜினியர் பெண் ஒரு ஸ்விட்ச் போர்டை அணைத்தாள். பெட்டி மொத்தமாக அடங்கிவிட்டது.

"இன்னாண்ணா, ரெண்டையும் ஒரே போர்டுலயா சொருவினீங்க?"

"அதாம்மா கிட்ட இருந்துச்சி," என்றார் எலக்ட்ரீஷியன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடங்கிய பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா தாத்தா, பேயறஞ்சா மாதிரி நிக்கிற?" என்றாள் இன்ஜினியர் பெண்.

"அதுல எங்கூட்டுக்காரி கீறாம்மா."

கன்னியம்மாளும் இங்கேதான் பெருக்கினாள். ஐப்பசியில் இறந்துவிட்டாள். வீட்டில் இருப்பது போட்டோ, அது அசையாது. கேமராவில் அவள் நடந்து வருவாள்.

அந்தப் பெண் ஒரு வயரை வேறு போர்டுக்கு மாற்றி, பெட்டியை ஓடவிட்டு, முதல் போர்டை மறுபடி அணைத்தாள். பெட்டியின் இரைச்சல் நிற்கவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் பழைய நாள் ஒன்றைத் திறந்தாள்.

கன்னியம்மாள் வந்தாள். கேட் அருகே நின்று முந்தானையைச் சரிசெய்து, நேராக என்னைப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதுகும் சில்லிட்டது.

"இனி கரண்டால பயமில்ல தாத்தா. ஆனா பெட்டில இடம் ரொம்பினா பழசு தானா அழிஞ்சிடும்," என்றாள் இன்ஜினியர் பெண்.

மேனேஜரிடம் கேட்டு, அந்தப் பதிவை என் செல்போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். செல்போனில் அந்தப் பதிவை இன்னும் திறக்கவில்லை. கம்பெனியில் அவள் வேலைக்கு வந்தாள். இங்கே எதற்கு வருவாள்? கதவைத் தாழிட்டு, தனியாக உட்கார்ந்திருக்கிறேன். நீங்களாக இருந்தால் திறப்பீர்களா?