வெர்னா விட்ட கோடிட்ட இடம்

வெர்னா ஹக்காலா என்னிடம் பேசிய முதல் வார்த்தையே திட்டுதான். எங்கள் ஊர் மருத்துவமனையின் அடித்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. டாக்டர்கள் ஒலிநாடாவில் சொல்லி வைப்பதைக் காதில் மாட்டிக் கேட்டு, காலால் பெடலை மிதித்து நாடாவை ஓட்டி, கையால் தட்டச்சு செய்யும் பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு நான் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் ஒரு டாக்டர், "லைட்ஸ் நார்மல்" என்றார். எரிகிற லைட் என்றே நினைத்து நானும் அடித்துவிட்டேன்.

பக்கத்து மேசையிலிருந்து வெர்னா எட்டிப் பார்த்தாள். "லொரேன், இது ஆஸ்பத்திரியா, கார் ஷெட்டா? நோயாளிக்குப் பின்னாடி சிவப்பு லைட்டும் எரியுதான்னு கேட்டு எழுதேன்."

"அவர் அப்படித்தான்டி சொன்னாரு."

"அது எலக்ட்ரோலைட்ஸ். ரத்தத்துல இருக்குற உப்புங்களோட அளவு. முழுசா சொன்னா வாய் வலிக்கும்னு பாதியை முழுங்கிட்டாரு. அவங்க முழுங்கினதை வெளிய எடுக்கத்தான் நம்மள வச்சிருக்காங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. ஆய்வுக்கூட வார்த்தைகளில் அவளிடம் தப்பிக்க முடியாது. கிருமியை அடையாளம் காணப் பூசும் கிராம் சாயத்தில் வரும் கிராம் ஒரு மனிதரின் பெயர், அதற்குப் பெரிய எழுத்து. எடையில் வரும் கிராமுக்குச் சின்ன எழுத்து. டாக்டர் "பாயிண்ட் ஃபைவ்" என்றால் புள்ளிக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால், அவசரத்தில் படிக்கிற ஒருத்தி கண்ணில் புள்ளி படாமல் அரை என்பது ஐந்தாகிவிடும். இதையெல்லாம் சொல்லும்போது வெர்னாவின் முகம் சமையலில் உப்பு கூடிவிட்டதைப் பார்த்த மாமியார் முகம் போல இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் மேற்பார்வையாளர் மார்லிஸிடமே அவள் சண்டை போடுவாள். காதில் சரியாக விழாத இடத்தில் கோடு போட்டுக் காலியாக விட வேண்டும், டாக்டர் பார்த்து நிரப்புவார் என்பது விதி. ஆனால் கோடு அதிகமானால் டாக்டர்கள் முணுமுணுப்பார்கள். "கொஞ்சம் யூகிச்சுப் போடேன் வெர்னா, உனக்குத் தெரியாததா?" என்பாள் மார்லிஸ்.

"பள்ளிக்கூடத்துல கோடிட்ட இடத்தை நிரப்பினா மார்க்கு குடுப்பாங்க. இங்க நிரப்பினா ஆளே போயிடுவான். எனக்குக் கேக்கலைன்னா கேக்கலைதான்" என்பாள் இவள்.

வெர்னாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இளவயதில் ஒருத்தன் இருந்தான். எங்கள் ஊர்ச் செம்புச் சுரங்கம் மூடியதும் டெட்ராய்ட்டில் கார் செய்யப் போனான், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு இருவர் படமும் போட்டு வாழ்த்து அட்டை அனுப்பினான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அவள் அதை எரிக்கவில்லை, கிழிக்கவில்லை. மற்ற அட்டைகளோடு அலமாரியில் நிற்க வைத்தாளாம். அப்பாவையும் பிறகு அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அவர்கள் போனதும் அந்த வீட்டில் அவளும் நீராவிக் குளியல் அறையும்தான் மிச்சம். வெர்னா வீட்டாரைப் போல எங்கள் பக்கம் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்களுக்குச் சனிக்கிழமை நீராவிக் குளியல் என்றால் நாலு வீட்டு ஆள் கூடும். இவள் தனியாக அடுப்பு மூட்டி, தனியாக உட்கார்ந்து, தனியாகக் காப்பி குடிப்பாள்.

பிறகு மருத்துவமனை அந்த அடித்தள அறையையும் மூடியது. ஆளுக்கு ஒரு கணினி, ஒரு பெடல், இனிமேல் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். எல்லாரும் கைதட்டினோம், முட்டாள்கள். பனிக்காலம் வந்ததும்தான் தெரிந்தது. ஜன்னல் பாதிவரை பனி. காதில் யாரோ ஒரு டாக்டர் யாருடைய மூத்திரத்தைப் பற்றியோ சொல்லிக்கொண்டே இருப்பார். பதில் பேச ஆள் கிடையாது. நான் குளிர்சாதனப் பெட்டியோடு பேச ஆரம்பித்ததும் வேலையை விட்டேன். இப்போது பாஸ்டி கடையில் கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மாவை மடித்து ஓரம் கிள்ளுகிறேன். கைக்கு வேலை, வாய்க்கும் வேலை.

வெர்னா வேலையை விடவில்லை. எப்போதாவது கடைக்கு வருவாள், ஒரே ஒரு பாஸ்டி வாங்குவாள். "ரெண்டா எடுத்துக்கோடி, ஒண்ணு நாளைக்கு ஆகும்" என்றால், "நாளைக்கு வந்தா உன்னைப் பாக்கலாம்ல" என்பாள். ஆனால் மறுநாள் வரமாட்டாள்.

இனி நான் சொல்வதெல்லாம் அவளே பிறகு என்னிடம் சொன்னது.

அவள் நாள் முழுக்கக் கேட்ட குரல்களில் டாக்டர் பிரிங்க்குடையதுதான் அதிகம். பல வருஷம். மனுஷன் தின்றுகொண்டே பேசுவார். உப்பு பிஸ்கட் நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே கல்லீரல், மண்ணீரல் எல்லாம் வந்து போகும். அவருக்கு எப்போது சளி, எப்போது மனைவியோடு சண்டை, எந்த நோயாளி செத்ததும் அவர் குரல் உடைந்தது என்று வெர்னாவுக்குத் தெரியும். முடிக்கும்போது சில நாள், "யாரா இருந்தாலும் நன்றிம்மா" என்பார். அன்றைக்கு அவளுக்கு அதுவே பேச்சுத் துணை. அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு உடம்பு தளர்ந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. எங்கும் இடிக்காமலே கை நீலமாகக் கன்றியது. அவளுடைய பழைய டாக்டர் ஓய்வு பெற்றிருந்ததால் மருத்துவமனையில் பிரிங்க்கிடம் அனுப்பினார்கள். கதவுக்கு வெளியே அவர் நர்ஸிடம் பேசிய குரலைக் கேட்டதுமே வெர்னாவின் கால் தானாகப் பெடலைத் தேடியதாம். உள்ளே வந்தவர் குரலைவிடக் குள்ளமாக இருந்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல டைப்பிங்."

"நல்லது, நல்லது" என்று கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். என்ன டைப்பிங் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்ததாம். ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை, வேலை வரிசையில் அவர் குரலில் வந்தது: "நோயாளியின் பெயர், வெர்னா ஹக்காலா."

சொந்தக்காரருடைய அறிக்கையோ தன்னுடையதோ வந்தால் தொடாமல் திருப்பி அனுப்ப வேண்டும், வேறு யாராவது அடிப்பார்கள். அதுவும் விதிதான். அவள் தட்டச்சுப் பலகையிலிருந்து கையைத் தூக்கிவிட்டாள், ஆனால் காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை.

"இனிமையான பெண்மணி" என்று தொடங்கினார் பிரிங்க். அதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. நர்ஸைக் கடித்தவனைக்கூட அவர் இனிமையானவர் என்றுதான் சொல்லியிருக்கிறார். அடுத்த வார்த்தை: "தனியாக வசிக்கிறார்." ஆயிரம் பேருக்கு அதை அடித்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும், யாரோ அறைக்குள் வந்து தன்னைப் பார்த்துவிட்டுப் போனது போல இருந்தது என்றாள்.

பிறகு ஆய்வுக்கூட முடிவு. உப்புகள் சரி. சிறுநீரகம் சரி. வெள்ளை அணுக்கள் என்று சொல்லும்போது பிஸ்கட்டைக் கடித்தார் பாவி மனுஷன். "ஃபோர்ட்டீ..." நறுக். "பாயிண்ட் டூ." மற்ற விவரங்கள் இன்னும் வரவில்லை, நோயாளியைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று முடித்துவிட்டார்.

ஃபோர்ட்டீனா, ஃபோர்ட்டியா? பதினாலு என்றால் எங்கோ சீழ், பல்லோ நெஞ்சுச் சளியோ, மாத்திரையில் போய்விடும். நாற்பது என்றால் ரத்தத்திலேயே கோளாறு. அந்த வேலையில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். அவள் பெடலை மிதித்துப் பின்னால் போனாள், கேட்டாள். வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். சத்தத்தைக் கூட்டினால் பிஸ்கட்தான் பெரிதாகக் கேட்டது. காப்பி ஆறி, மதியமாகி, தெருவில் பனி அள்ளும் வண்டி வந்து போயிற்று. ஒரு தடவை கேட்டால் ஃபோர்ட்டீன். அடுத்த தடவை ஃபோர்ட்டி.

"எனக்குப் பதினாலுன்னு கேக்கணும்னு ஆசை லொரேன். ஆசை வந்துட்டா காதை நம்பக் கூடாது" என்றாள் என்னிடம்.

திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அனுப்பினா யாருக்குப் போகும்? அறுபது வயசுக்காரி, அசதின்னு வந்தவ, பதினாலாத்தான் இருக்கும்னு போட்டு அனுப்பிடுவாங்க. டாக்டரும் படிக்காம கையெழுத்துப் போட்டுடுவாரு."

ஆகவே முழுவதையும் தானே அடித்தாள். வெள்ளை அணுக்கள் என்ற இடத்தில் கோடு போட்டாள். அதற்குப் பிறகு புள்ளி, இரண்டு. அது தெளிவாகக் கேட்டதே. அறிக்கையின் அடியில் டாக்டரின் முதலெழுத்துகளும், அடித்தவளின் முதலெழுத்துகள் சின்னதாகவும் வரும். வி. ஹ. என்று உண்மையாகவே போட்டு அனுப்பினாள். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தாளாம். அன்று முழுக்க அதன்பிறகு அவள் யாருடைய அறிக்கையையும் அடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், கழுதை! கடை எத்தனை தூரம்?

அடுத்த நாள் மதியம் போன் அடித்தது. அந்தக் குரல் காதுக்குள் அல்லாமல் போனில் வருவது அவளுக்கு விநோதமாக இருந்தது.

"வெர்னா ஹக்காலாங்களா? நான் டாக்டர் பிரிங்க். உங்க ரிப்போர்ட்டு என் கையில இருக்கு. அடியில இருக்குற எழுத்து... அது நீங்கதானா?"

"ஆமா டாக்டர்."

"எவ்வளவு நாளா?"

"நீங்க இந்த ஊருக்கு வந்ததுலேருந்து."

அப்போது அவர் எதையும் மெல்லவில்லை என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இப்போ வீட்டுல உங்க கூட யாராவது இருக்காங்களாம்மா?"

நல்ல சேதி சொல்கிறவன் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டான். வெர்னாவுக்கு எண் அப்போதே தெரிந்துவிட்டது.

"இருக்காங்க" என்றாள். "என் ஃப்ரெண்டு லொரேன். சமையலறையில இருக்கா."

அதன்பிறகுதான் அவர் நாற்பது என்றார். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

கடையில் நான் மாவுக் கையோடு போனை எடுத்தேன். "லொரேன், உன்னை வச்சு ஒரு பொய் சொல்லிட்டேன்" என்றாள். குரல் கணக்குப் பார்ப்பவள் குரல் மாதிரி நிதானமாக இருந்தது. நாற்பது என்பதையும் சொன்னாள். நான் ஏப்ரனைக் கழற்றக்கூட இல்லை, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி ஓடினேன்.

கதவைத் திறந்தவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. கையை நீட்டி உள்ளே காட்டினாள். "நீ சமையலறையில இருக்கேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அங்க போய் உக்காரு."

போய் உட்கார்ந்தேன். வாசலிலிருந்து என்னை ஒருமுறை பார்த்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.