முகம் பார்த்து மனு அடித்தவர்

செங்கல்பட்டு தாலுகா ஆபீஸ் எதிரே கம்ப்யூட்டரில் மனு அடித்துக் கொடுப்பவர் அவர். மூக்கு நுனியில் கண்ணாடி, டைப்ரைட்டரில் பழகிய விரல்கள். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். எதிரே உட்கார்ந்து குறை சொல்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பார்.

அப்போது நான், யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான பிரசாரத்தில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். அவரிடம் இருந்தது திருட்டு மென்பொருள். சுதந்திரம், உரிமை என்று ஒரு மணி நேரம் பேசி, அதை அழித்துவிட்டு எங்களுடையதைப் போட்டுக்கொடுத்தேன்.

மறுவாரம் போனேன். ஒரு அம்மா கண்ணீர் வழிய நிலத் தகராறைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவரோ குனிந்து, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் மென்பொருளில் டைப்ரைட்டர் எழுத்து வரிசை இல்லை. அது வேண்டுமா என்று நான் கேட்கவும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் கீது சார். ஆனா முன்ன மாதிரி அவங்க மூஞ்சிய பாத்துகினு அடிக்க முடில."

பழையதையே போட்டுத் தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பெரிய கொள்கைக்காரன்!

அன்று மாலை மதுராந்தகம் கூட்டத்தில் அதே பேச்சைப் பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள். ஒருவர் முகத்தையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.