கேரவனுக்கு ஒரு சாய்ப்பு

வேலுச்சாமி தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர். அஜ்மானில் ரூம், அங்கிருந்து தைத் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நாளைக்கு நான்கு நடை. வளைகுடாவுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் விருத்தாசலம் போவார். போன களைப்பு தீர்வதற்குள் திரும்பி வந்துவிடுவார்.

அவருடைய மனைவி சுந்தராம்பாள் விருத்தாசலத்தில் ஒரு சாமியானா வாடகைக் கடையில் வேலை பார்க்கிறார். கிழிந்த துணி தைக்கத்தான் சேர்ந்தார். இப்போது கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, எந்தக் கால் எங்கே நட வேண்டும், எந்தக் கயிறு எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று அவர் கை காட்டினால்தான் ஆட்கள் குழி தோண்டுவார்கள். மகளுக்குக் கல்யாணம் முடிந்த மாசம் அவர் போனில் கேட்டார்.

"நான் ஒருவாட்டி அங்க வந்து பாக்கட்டுமா?"

வேலுச்சாமி உடனே வரச் சொல்லிவிட்டார். எங்கே தங்க வைப்பது என்ற யோசனை அப்புறம்தான் வந்தது. அவர் ரூமில் ஆறு பேர்.

ஒரு நாள் தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் அதைத் தோட்டத்து அர்பாபிடம், அதாவது முதலாளியிடம், சொன்னார். வயதான அந்த எமராத்தி வரச் சொல்லிவிட்டு முன்னே நடந்தார். தோட்டத்து வேலிக்கு அப்பால் ஒரு காஃப் மரம். நம் ஊர் வன்னி மரத்தைத்தான் அங்கே காஃப் என்கிறார்கள். அதன் நிழலில் காரின் பின்னால் இழுத்துப்போகும் ஒரு பழைய கேரவன் மண் மூடி நின்றது. அர்பாபின் மகன் எப்போதோ வாங்கி, இரண்டு குளிர்காலம் சுற்றிவிட்டு மறந்துபோனது.

"லே லோ," என்றார் அர்பாப். "தோ மஹினா. மாஃபி முஷ்கில்."

எடுத்துக்கொள், இரண்டு மாதம், ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். தங்குமிடம் கிடைத்துவிட்டது. சுந்தராம்பாளின் விசாவும் ஏறக்குறைய அவ்வளவு நாளுக்குத்தான்.

நான்கு மூலைகளிலும் கொக்கிகளை விடுவித்து உள்ளிருந்து தள்ளினால் கூரை மட்டும் ஒன்றரை அடி மேலே எழும்பும் ரகம் அது. எழும்பிய இடைவெளியைச் சுற்றிச் சாம்பல் நிறத் துணி. கூரை ஏறினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். இறங்கினால் உட்காரத்தான் முடியும். ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு. வேலுச்சாமி கழுவித் துடைத்து வீடியோ காலில் காட்டினார்.

"படுக்க எடம் இருக்கு," என்றார் சுந்தராம்பாள். "உக்காந்து பேச எடம் எங்கங்க?"

வேலுச்சாமி பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "கதவுக்கு மேல கோடு மாதிரி நீளமா ஒண்ணு ஓடுதே, அது என்னா?"

பக்கத்தில் போய்ப் பார்த்தார். அலுமினியப் பள்ளம். உள்ளே மண்ணும் குளவிக்கூடும் அடைத்துக் கிடந்தன.

"அதுலதான் துணியக் கோக்கணும். இந்த வண்டிக்கு சாய்ப்பு எறக்குறதுக்குன்னே வெச்சிருக்கான். நீங்க போயி துணி பாருங்க."

சாய்ப்பு என்றதும் வேலுச்சாமிக்கு வெயில் மறைக்கும் ஒரு பந்தல்தான் மனதில் வந்தது. ஷார்ஜாவில் டென்ட் கடை வைத்திருக்கும் முகம்மது ரிபாயிடம் போனார். ரிபாய் தொண்டிக்காரர். ஒட்டகப் பந்தய டென்ட் முதல் கார் ஷெட் வரை எல்லாம் தைப்பார். அவர் கடையில், வேறு ஒரு கேரவனில் இருந்து கழற்றிய அனெக்ஸ் ஒன்று மடித்து வைத்திருந்தது. மூன்று பக்கச் சுவர், வலை போட்ட ஜன்னல், ஜிப் வைத்த கதவு எல்லாம் இருந்தது.

"அப்படியே ஒக்காந்துரும்ணே. கொண்டு போங்க," என்றார் ரிபாய்.

உட்காரவில்லை. கூரை எழும்பாத, உயரமான கேரவனுக்குத் தைத்த துணி அது. பழைய வண்டியின் பள்ளத்தில் கோத்தபோது மேல்துணி தொட்டில் போலத் தொங்கியது. சுவர்கள் மண்ணில் புடவைக் கொசுவமாகக் குவிந்தன. போனில் அதைப் பார்த்த சுந்தராம்பாள் வெகுநேரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வேலுச்சாமி பார்த்ததில்லை. தோற்ற எரிச்சல்கூட அவருக்கு மறந்துபோனது.

"நெட்டையன் சட்டையக் குட்டையனுக்குப் போட்ட மாதிரி இருக்கு. அதத் திருப்பிக் குடுத்துட்டு அளவெடுங்க. பள்ளத்தோட நீளம். அதோட ரெண்டு முனையிலேருந்தும் தரைக்கு எவ்ளோன்னு தனித்தனியா. தரை ஒரே மட்டமா இருக்காது. கூரையத் தூக்கி வெச்சு ஒருவாட்டி, எறக்கி வெச்சு ஒருவாட்டி பாத்துக்குங்க. துணி அதத் தடுக்கக் கூடாது."

வேலுச்சாமி எழுதிக்கொண்டார்.

"காத்து எந்தப் பக்கத்துலேருந்து வரும்?"

வேலுச்சாமி பத்தொன்பது வருஷம் இந்த மண்ணில் வண்டி ஓட்டியிருக்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு காற்றைப் பற்றி என்ன நினைப்பது? மறுநாள் டேங்கரை நிறுத்திவிட்டு மரத்தடியில் நின்றார். காஃப் மரம் மொத்தமாகத் தென்கிழக்கே சாய்ந்திருந்தது. மணலின் வரிகளும் அதையே சொல்லின. வடமேற்குக் காற்று. அன்று முதல் சாலையோரத்து மரங்கள் எல்லாம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். தினமும் போன பாதை யாரோ புதிதாக விரித்தது போல இருந்தது.

துணியையும் சுந்தராம்பாள்தான் தேர்ந்தெடுத்தார். ரிபாயோடு போனில் பேசினார்.

"முழுக்க பிளாஸ்டிக் பூசின துணி வேணாம் பாய். காலையில உள்ள வேர்த்துக் கொட்டும். மேலுக்கு மட்டும் அது இருக்கட்டும், பனி எறங்காது. சுவருக்குப் பருத்திக் கேன்வாஸ். கதவு கெழக்க."

"நீங்க சொல்றபடியே தச்சுர்றேன்மா," என்றார் ரிபாய். போனை வைத்ததும் வேலுச்சாமியைப் பார்த்தார். "அண்ணே, வீட்ல இம்புட்டு வெவரமா இருக்காக. நீங்க ஒருநாள்கூட சொல்லலியே."

"எனக்கே இப்பத்தான் தெரியுது பாய்," என்றார் வேலுச்சாமி.

பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பள்ளத்தைச் சுரண்டி, மெழுகுவர்த்தி தேய்த்து, கயிறு தைத்த விளிம்பை ஒரு முனையில் நுழைத்து இழுத்தார். துணி முழு நீளத்துக்கும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கம்புகளை ஊன்றியதும் கேரவனின் பக்கவாட்டில் ஓர் அறை உண்டாகிவிட்டது. அதற்குள் நின்றபோது வெயில் கேன்வாஸில் வடிகட்டி இளநீர் வழுக்கையின் நிறத்தில் விழுந்தது. வெளியே மரக்கிளையின் நிழல் சுவரில் மெல்ல அசைந்தது. வேலுச்சாமி டூட்டியை மறந்து அரை மணி நேரம் அங்கேயே நின்றிருந்தார்.

ஜனவரி முதல் வாரம் சுந்தராம்பாள் வந்தார். விமான நிலையத்தில் இருந்து நேராகத் தோட்டத்துக்கு. வந்தவர் கேரவனுக்குள் போகவில்லை. சாய்ப்பைச் சுற்றி வந்தார், கயிறுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், முளைகளைக் காலால் அசைத்தார்.

"மணல்ல முளை நிக்காதுங்க."

"ரெண்டு அடி எறக்கியிருக்கேன்."

சுந்தராம்பாள் தலையசைத்துவிட்டுக் கேரவனுக்குள் ஏறினார்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலுச்சாமிக்கு ஓய்வு நாள். காலை பத்து மணிக்கு வானம் மஞ்சளாயிற்று. வடமேற்கிலிருந்து காற்று வந்தது. முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. சாய்ப்பு உப்பி எழுந்து கேரவனையே அசைத்தது. வேலுச்சாமி ஒரு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தார்.

"விடுங்க," என்றார் சுந்தராம்பாள். "புடிச்சா கிழியும். விட்டாத்தான் மிஞ்சும்."

அவர் வெளிப்பக்கத்துக் கம்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சாய்த்தார். துணி காற்றை வெளியே விட்டுவிட்டு மணலில் படுத்துக்கொண்டது. அதன் மேல் தண்ணீர்க் கேன்களை வைத்துவிட்டு இருவரும் கேரவனுக்குள் ஏறினார்கள். கூரையை இறக்கிக் கொக்கி மாட்டினார்கள்.

நிற்க முடியாது. கட்டிலில் முழங்கால்கள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தகரத்தில் மணல் பெய்துகொண்டிருந்தது.

"நெய்வேலிப் பக்கம் ஒரு கூட்டம்," என்று சுந்தராம்பாள் ஆரம்பித்தார். "இதே மாதிரி காத்து. பந்தல் அப்படியே எம் மேல விழுந்துடுச்சு. தூக்கி எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. துணிக்கு அடியில ஒரே இருட்டு."

"எப்ப?"

"ஏழு வருசம் இருக்கும்."

"எங்கிட்ட சொல்லவேயில்ல."

"அன்னிக்கி ராத்திரி போன் பண்ணீங்க. சாப்ட்டியான்னு கேட்டீங்க. சாப்ட்டேன்னு சொன்னேன்."

வேலுச்சாமி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு உரசிய இடம் சிவந்திருந்தது. "நானும் ஒண்ணு சொல்லல," என்றார். வந்த மூன்றாம் வருஷம் மலையடிவாரத்து வாடியில், மழைக்கு மட்டும் ஓடும் காட்டாற்றில், திடீர் வெள்ளம். டேங்கரை இழுத்துக்கொண்டு போய் ஒரு பாறையில் சாத்தியது. கேபின் கூரையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வண்டியைத் தண்ணீரே கொண்டுபோகிறதே என்று அப்போது சிரிப்புகூட வந்ததாம்.

சுந்தராம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கணவரின் சிவந்த உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மாலையில் காற்று நின்றது. அர்பாபின் கிடங்கிலிருந்து காலிச் சாக்குகள் வாங்கி வந்தார்கள். சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தார்கள். முளைகளுக்குப் பதில் எட்டு சாக்குகள்; அந்தக் கயிறுகளில் கட்டிச் சாய்ப்பை மறுபடி நிறுத்தினார்கள். அதன் பிறகு சாய்ப்பு அசையவில்லை.

மிச்ச நாட்கள் அந்தத் துணி அறையில் போயின. வேலுச்சாமி டூட்டி முடித்து நான்கு மணிக்கு வருவார். பாய் விரித்து, டீ வைத்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்வார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. சில நாள் சுவரில் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிப்ரவரியில் மூடுபனி இறங்கியது. காலையில் கதவின் ஜிப்பைத் திறந்தால் மரமும் இல்லை, தோட்டமும் இல்லை. பாலுக்குள் மிதக்கிற மாதிரி அந்த அறை மட்டும். அப்படி ஒரு காலையில் ஜன்னல் வலையில் ஓர் ஒட்டகம் மூக்கை வைத்து மூச்சுவிட்டது. சுந்தராம்பாள் கையிலிருந்த வெள்ளரிக்காயைக் கதவு வழியே வெளியே நீட்டினார். அது வாங்கி மென்றுகொண்டே பனிக்குள் போய்விட்டது.

கிளம்பும் நாளில் விமான நிலைய வாசலில் வேலுச்சாமி சொன்னார். "இந்த காண்ட்ராக்ட் முடிஞ்சதும் கலாஸ், அவ்ளோதான். ஊருக்கே வந்துடுறேன் புள்ள."

"வாங்க," என்றார் சுந்தராம்பாள். "ஆனா அதுக்கு முந்தி இன்னொருவாட்டி நான் இங்க வந்துட்டுப் போறேன்."

சொன்னபடியே அடுத்த தை மாதம் சுந்தராம்பாள் அதே சாய்ப்புக்கு வந்தார்.