வசனம் கேக்காத தொடர்

போனை நோண்டினா மத்தவங்களுக்கு வீட்ல திட்டு விழும். நோண்டாம விட்டா ஆபீஸ்ல திட்டு விழுற வேலை எங்களோடது. சென்னையில இருக்கிற ஒரு சின்ன கம்பெனி தொடர்களை எடுத்து ஆப்ல ஓட்டுது. அந்தத் தொடர்களைப் பத்தி நாலு பேர் பேசுற மாதிரி இணையத்துல எதையாவது கிளப்பிவிடுறதுதான் என் பொழப்பு. திருத்தணியில எங்க வீட்டு சமையல்கட்டு மேடைதான் என் ஆபீஸ். லைக்குக்கும் கமெண்டுக்கும் நடுவுல மாட்டிகினு முழிக்கிற என் இனத்து ஜனங்களே, உங்களுக்காகத்தான் இதெல்லாம் சொல்றேன்.

பந்தியில முதல் இலை

ஒருநாள் எங்க மேலாளர் ரேவதி மேடம் போன் பண்ணாங்க. புதுசா ஒரு சோஷியல் மீடியா தளம் வந்திருக்கு, குட்டிக் குட்டியா வீடியோ போடலாம், கீழே யார் வேணா என்ன வேணா எழுதலாம், இன்னும் கூட்டம் சேரலன்னாங்க. பழைய தளத்துலல்லாம் காசு கட்டினாதான் நம்மளைக் காட்டுறாங்களாம். இங்க முதல் பந்தியிலேயே உட்கார்ந்துடணுமாம். திருத்தணி மலையிலயும் பள்ளிப்பட்டுலயும் எடுத்த ஒரு தொடர் வரப்போகுது, அதை வெச்சே ஆரம்பின்னாங்க. நம்ம ஊர் கதையாச்சேன்னு எனக்குக் குஷி தாங்கல.

அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டாங்க. இதைக் கேளுங்க, அப்பதான் என் வயித்தெரிச்சல் புரியும். முன்னாடி தினமும் மின்சார ரயில்ல சென்னைக்குப் போய் வந்துகினு இருந்தவ நான். இடுப்பு ஒடிஞ்சுபோகும். என் பொண்ணு முழிச்சிருக்கிறதை ஞாயித்துக்கிழமை சர்ச்சுலதான் பார்ப்பேன். அழுது கெஞ்சித்தான் வீட்ல இருந்தே வேலைன்னு மாத்திகினேன். அந்த அடிமடியிலயே மேடம் கை வெச்சாங்க: "எஸ்தர், இந்தத் தொடர் ஓடலன்னா வீட்ல இருந்து வேலைங்கிறதெல்லாம் கிடையாது, நீ பழையபடி ஆபீஸுக்கு வந்துடணும்."

மலையில கூட்டமா?

முதல் கிளிப்புல ஹீரோ மலைப்படியில மூச்சு வாங்க ஓடி வர்றான், பின்னாடி முருகன் கோயில் கோபுரம். அருமையான சீன். போட்டுட்டு ஆசையா கமெண்டைத் திறந்தா, ஹீரோவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "இன்னிக்கு மலையில கூட்டம் எப்படிங்க?" "கார் மேல விடறாங்களா?" "திருப்பதி பஸ் எங்க நிக்கும்?" எனக்கு வந்த கோவத்துக்கு போனைத் தூக்கி சாம்பார்ல போட்டிருப்பேன்.

அப்புறம் யோசிச்சேன். பதில் சொன்னா என்ன குறைஞ்சிடப்போகுது? அடிவாரத்துல பூக்கடை வெச்சிருக்கிற தெரிஞ்ச அக்காவைக் கேட்டுகினு, "கூட்டம் ஜாஸ்தி. குறையற வரைக்கும் எங்க தொடர் முதல் பாகம் பாருங்க, இலவசம்"னு போட ஆரம்பிச்சேன். ஒருத்தர் பார்த்து இன்னொருத்தருக்கு அனுப்பினாங்க. வேலூர்க்காரர் ஒருத்தர் நன்றியோட எழுதினார்: "மேடம், கூட்டம் குறைஞ்சிடுச்சு, நான் சாமி பார்க்கப் போறேன், என் மாமியார்தான் தொடர் முடியாம எழுந்திருக்க மாட்டேன்னு அடிவாரத்துலயே உட்கார்ந்துகினு இருக்காங்க."

பாவா செஞ்ச உதவி

எங்க அக்கா வீட்டுக்காரரை நாங்க பாவான்னு கூப்பிடுவோம். பாவாவுக்கு என் மேல பாசம் ஜாஸ்தி, வாய் அதைவிட ஜாஸ்தி. தொடர்ல நகையைத் திருடினது யாருங்கிறதுதான் மொத்தக் கதையே. தொடர் வெளிவந்த அன்னிக்கே எல்லா பாகத்தையும் பார்த்து முடிச்சாரு மனுஷன். முடிச்சிட்டு சும்மா இருந்தாரா? நான் போட்ட ஒவ்வொரு கிளிப்புக்குக் கீழயும் போய், "திருடினது சித்தப்பா"ன்னு எழுதி வெச்சாரு. என் கிளிப்பை விட அதுக்குத்தான் லைக் குவிஞ்சுது. ஆப்ல பார்க்கிற ஆள் மடமடன்னு குறைஞ்சுபோச்சு. எனக்குக் காதுல ரயில் ஹாரனே கேக்க ஆரம்பிச்சிடுச்சு.

போனைப் போட்டு, "பாவா, என் வேலைக்கே வேட்டு வெக்கிறீங்களே, நியாயமா?"ன்னு கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரல: "ஆங், திருடன் யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா ஜனங்க பயப்படாம நிம்மதியா பார்ப்பாங்கன்னுதாம்மா போட்டேன்."

உதடு மட்டும்தான் ஆடுது

பள்ளிப்பட்டுல தனம்மான்னு ஒருத்தங்க, வீட்லயே விசைத்தறி ஓட்டுறாங்க. தறி ஓடும்போது பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. போனைச் சுவத்துல மாட்டி வெச்சுகினு வேலை செஞ்சுகினே பார்ப்பாங்களாம். ஹீரோ கண்ணுல தண்ணியோட கையைக் கூப்பி ஹீரோயின்கிட்ட காதலைச் சொல்ற கிளிப்பைப் போட்டேன். கீழே தனம்மா, "இன்னாம்மா சொல்றான் அவன்? உதடு மட்டும்தான் ஆடுது"ன்னு எழுதினாங்க. வசனத்தை எழுத்தாவும் போட்டிருக்கணும். எங்க யாருக்கும் தோணல. எடிட்டர் வேற லீவு.

நான் பதில் போடறதுக்குள்ள இன்னொரு தறி வீட்டுக்காரர் எழுதிட்டாரு: "இழை அறுந்துபோச்சு, வந்து முடி போட்டுக் குடுன்னு கெஞ்சறான்." அப்ப அந்தப் பொண்ணு ஏன் தலையை ஆட்டுதுன்னு தனம்மா கேட்டாங்க. அதுக்கும் அவரே பதில் போட்டாரு: "மொதல்ல கரண்ட்டு வரட்டும் போடாங்குது." அவ்ளோதான், சுத்துப்பட்டு தறிக்காரங்க எல்லாம் ஆளுக்கொரு வசனம். சிலபேர் தெலுங்கைத் தமிழ் எழுத்துலயே எழுதிகினு கிடந்தாங்க. நான் சமையல்கட்டுல தனியா நின்னு, வயிறு வலிக்கிற வரைக்கும் சிரிச்சேன்.

அன்னியிலேர்ந்து வேணும்னே சத்தத்தை எடுத்துட்டுப் போட்டேன். "இவங்க என்ன பேசுறாங்க? நீங்களே எழுதுங்க. நிஜ வசனம் ஆப்ல இருக்கு." எழுதினவங்க எல்லாம் தன்னோடது சரியான்னு பார்க்க ஆப்புக்கு ஓடினாங்க. திருடன் சித்தப்பான்னு தெரிஞ்சும் உட்கார்ந்து பார்த்தாங்க. தறி வீட்டுக்காரங்களுக்காக ஆப்ல வசனத்தை எழுத்தா போடவும் வெச்சேன். எல்லாருக்கும் சந்தோஷம், தொடருக்கு வசனம் எழுதினவரைத் தவிர. அவர் போன்லயே விசும்பினாரு: "நான் அழுதுகிட்டே எழுதின சீன்மா அது, அதுல போய் கரண்ட்டு வரட்டும்கிறாங்களே!"

கிருத்திகை வண்டி

தொடர் பிச்சுகினு ஓடிச்சு. அப்பாடா, பொழைச்சேன்னு வீட்ல கேக் வெட்டினோம். மறுநாளே மேடம் போன். "பிரமாதம் எஸ்தர்! இந்த வித்தையை எல்லாருக்கும் சொல்லித் தரணும், நீ தினமும் ஆபீஸுக்கு வந்துடு." ஓடலன்னாலும் ஆபீஸ், ஓடினாலும் ஆபீஸா? எந்த ஊர் நியாயம்ங்க இது? எனக்கு அழுகையே வந்துடுச்சு. முழுங்கிகினு, "மேடம், தறிச் சத்தத்தை அங்க எப்படிக் காட்டுவேன்? நீங்க ஒருதரம் இங்க வந்து நேர்ல பாருங்க, அப்புறம் நீங்க சொல்றபடி கேக்கறேன்"னு சொன்னேன்.

வர்றேன்னாங்க. காரெல்லாம் வேணாம், ரயில்லயே ஜாலியா வர்றேன்னாங்க. அவங்க சொன்ன தேதியைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. கிருத்திகை! அன்னிக்கு திருத்தணி வண்டியில கால் வெக்க முடியாதுன்னு கிறிஸ்தவ வீட்டுப் பொண்ணு எனக்கே தெரியும். ஆனா நான் வாயைத் திறக்கணுமே? ஊஹூம்.

ஸ்டேஷன்ல காவடிங்களுக்கு நடுவுல இருந்து மேடம் பிதுங்கி வெளிய வந்தாங்க. வழி முழுக்க நின்னுகினே வந்திருக்காங்க. ஒரு கால்ல செருப்பு இல்ல, தலையில மயிலிறகு, புடவையெல்லாம் விபூதி. கையில ஒரு பால்குடம். கொஞ்சம் பிடிங்கம்மான்னு யாரோ குடுத்தாங்களாம், அந்த அம்மாவைக் காணலையாம். பாவமாத்தான் இருந்துச்சு. தண்ணி குடுத்து, "தறி பார்க்கப் போலாமா மேடம்?"னு கேட்டேன். என் கையைக் கெட்டியா பிடிச்சுகினு சொன்னாங்க: "நீ இங்கேயே இரு எஸ்தர், எனக்குத் திரும்பிப் போக மட்டும் ஒரு கார் சொல்லு."

ஜனங்களை நம்ம பக்கம் திருப்ப எத்தனையோ புதுத் தளம் வந்தாச்சு மக்களே, ஆனா ஒரு மேலாளரை நம்ம பக்கம் திருப்பணும்னா கிருத்திகை அன்னிக்கு ஒரு ரயில் டிக்கெட் போதும்.