பீப்பாயில் ஊறிய தோட்டாக்கள்

கார்மேகத்தை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அதை முதல் நாளே சொல்லிவிட்டார். "பேனா புடிக்கிற கைக்கு இங்க என்னய்யா வேல?"

2005இல் குவைத்தில், பாலைவன ஓரத்துப் பழைய இரும்பு யார்டு ஒன்றில் அவர் பித்தளை பிரிப்பவர், நான் கிளார்க். யாழ்ப்பாணத்தில் தமிழோடு ஆங்கிலமும் படித்தவன் என்பதால் ஏலத் தாள்களை வாசித்துச் சொல்வது என் வேலை.

ராணுவ முகாம்களில் மிஞ்சியது ஏலத்தில் எங்களிடம் வரும். கூடாரத் துணி, பச்சைத் தகரப் பெட்டி, சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மூட்டை மூட்டையாக. 'எல்லாம் வெற்றுக் கூடு' என்று தாளில் முத்திரை இருக்கும். ஆனால் மூட்டைக்கு நாலைந்து சுடாத தோட்டா கிடக்கும். யார் வந்தாலும் பித்தளையைக் கிலோக் கணக்கில் அள்ளிக் கொடுப்போம், பெயர்கூடக் கேட்டதில்லை. சுடாதது கிடைத்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் யார்டைப் பூட்டுவார்கள், எங்கள் விசாவும் போகும். அதனால் அவற்றை ஒழிக்கும் பொறுப்பைக் கார்மேகத்தின் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

அவர் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் ஒரு கிராமம். பதினான்கு வருடம் பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவர். இடது புருவம் அங்கே கருகியது, பிறகு முளைக்கவில்லை. நனைந்த மருந்து செத்த மருந்து என்பது அவர் தொழிலில் கற்றது. சுடாத தோட்டாக்களை ஒரு பீப்பாய்த் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைப்பார். எடுத்து வெயிலில் உலர்த்தி, "செத்துருச்சு" என்பார். பிறகு ஃபர்வானியாவில் நாங்கள் தங்கியிருந்த கட்டடத்தில் பக்கத்து அறை முனியசாமியிடம் கொடுப்பார். அவன் ஏசி மெக்கானிக். ஓட்டை போட்டு, வளையம் மாட்டி, லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்குச் சாவிக்கொத்தாக விற்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தகரப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். அதில் வந்த தோட்டாக்கள் தண்ணீர் புகாதபடி அரக்குப் பூசி அடைத்தவை என்றிருந்தது. எனக்கு அந்தத் தாளே தேவையில்லை. மாரி முழுதும் சேற்றில் கிடந்த தோட்டா வெடித்ததை ஊரில் கண்டவன் நான். அதை இங்கே எவரிடம் சொல்ல?

"கார்மேகம் அண்ணை, இது தண்ணியிலை சாகாது. பெட்டியிலை எழுதிக் கிடக்கு."

"பெட்டியில எழுதுனவன் மருந்து கலந்திருக்கானா?"

"உள்ளுக்குத் தண்ணி போகாது எண்டுதான் சொல்றன்."

பத்தடி தள்ளி மேனேஜர் நின்றார். கார்மேகம் வேண்டுமென்றே குரலை உயர்த்தினார். "சிலோன்காரருக்குத் தோட்டாவப் பத்தி இம்புட்டு எப்படித் தெரியுது? ஊர்ல சுட்டுப் பழகுனீரோ?" அதையே இந்தியிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். இந்த ஊரில் ஒருவனைப் பெட்டி கட்ட வைக்க அப்படி ஒரு பேச்சு போதும். தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். புதன்கிழமையும் வாய் திறக்கவில்லை.

வியாழன் மாலை பக்கத்து அறையில் டிரில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாயில் சிகரெட்டோடு முனியசாமி தரையில் உட்கார்ந்திருந்தான். நுனியில் ஓட்டை போட்ட ஆறு தோட்டாக்கள் தயாராகக் கிடந்தன. ஏழாவதைத் தலைகீழாக இறுக்கி வைத்திருந்தான்.

"இது செயின்ல கோக்க. நுனி கீழ தொங்குனாத்தான் டாலர் மாதிரி இருக்குமாம்" என்றபடி அடிப்பக்கத்தின் நடுவில், துப்பாக்கி ஊசி அடிக்கும் அதே இடத்தில், டிரில்லை வைத்தான். கட்டிலில் கார்மேகம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிளக்கைப் பிடுங்கினேன்.

"யோவ், கிறுக்கா ஒமக்கு?" என்றான் முனியசாமி.

"கை போயிடும்."

"இருடா," என்று கார்மேகம் எழுந்தார். "சாருக்கு இன்னைக்குப் பாடம் எடுத்துருவோம். கூழு மாதிரி வரும் பாரு." தோட்டாவை இரண்டு குறடுகளால் பிடித்து நுனியைப் பிடுங்கி, கூட்டைத் தினத்தாள் மேல் கவிழ்த்தார்.

கடுகிலும் சிறிய கருமணிகள் பொலபொலவென்று கொட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தாள் முழுக்க உருண்டன.

கார்மேகம் ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கினார். முகர்ந்தார். மறுபடி நசுக்கினார்.

"முனியசாமி, அந்த சிகரெட்ட அணை."

"ஏண்ணே?"

"அணைடாங்கிறேன்."

ஆறு சாவிக்கொத்துகளையும் அள்ளித் துண்டில் கட்டினார். முனியசாமி, "ஆர்டர் வாங்கிட்டேன்ணே" என்றான். கார்மேகம் என் பக்கம் திரும்பினார்.

"உள்ள காஞ்சு கெடக்கும்னு செவ்வாக்கெழமையே ஒமக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா ரெண்டு நாளு வாயப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சீரு?"

"நீங்கள்தானே அண்ணை மேனேஜருக்கு முன்னாலை..."

"நான் கூமுட்டைய்யா, தெரியாமச் செஞ்சேன். நீரு படிச்ச ஆளு."

முனியசாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான். எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றான்.