சுவரில் ஓடிய ஆட்டோ

போன வாரம் திருவனந்தபுரத்தில் மழைக்கு லீவு விட்டார்கள். அன்றைக்கு அடித்தது பாருங்கள் ஒரு வெயில்!

இந்த ஊரில் இது சகஜமாம். ராத்திரி கலெக்டர் லீவு அறிவிப்பார்; காலையில் சூரியன் வந்து சிரிக்கும். முந்தின நாள் காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் மட்டும் போயிருந்தது. டிவி இல்லை, ஃபேன் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. வீட்டுக்காரர் சாலை பஜாரில் மொத்த வியாபாரக் கடைக் கணக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மிச்சம் நானும் மகள் சுபாவும்.

சுபாவை உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பு. ஜூன் மாதம் ஊர் மாறி வந்தோம் என்று எழுதியிருந்தேன். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டதை மட்டும் எழுதவில்லை.

முதல் வாரமே பள்ளியில், "உன் ஊர் எது?" என்று கேட்டிருக்கிறார்கள். "கோவில்பட்டி" என்று சொல்லியிருக்கிறாள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய்! வகுப்பே சிரித்திருக்கிறது. அதோடு வெளியில் வாய் திறப்பதை நிறுத்தினாள். தெருப் பிள்ளைகள் கூப்பிடக் கூடாது என்று, எங்கள் மாடி வீட்டில் தெருவைப் பார்த்த ஜன்னலின் மரக்கதவுகளையும் சாத்தி வைத்துவிட்டாள்.

அன்றும் அந்த அறையில்தான் இருட்டில் படுத்திருந்தாள். வெளியே பிள்ளைகள் போடும் கூச்சல்… உள்ளே இவள். எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை.

"எம்மா! இங்க வா! சீக்கிரம் வா!"

அப்படி ஒரு குரல். பதறிக்கொண்டு ஓடினேன்.

"என்னட்டி?"

"கதவச் சாத்திட்டு வா. சுவரப் பாரு… ஆளுக தலைகீழா நடக்காங்க."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக… எப்படிச் சொல்ல? எதிர்ச் சுவரில் எங்கள் தெரு இருந்தது. முழுத் தெருவும், கலரோடு! கூரையை ஒட்டி ஓர் ஆட்டோ பல்லி மாதிரித் தொங்கிக்கொண்டே ஓடியது. குடை பிடித்த ஓர் அம்மா தலைகீழாகக் கடந்து போனார். எதிர்வீட்டு மாமரம் கீழ்நோக்கி வளர்ந்து, ஒவ்வோர் இலையும் ஆடியது. தரையோரம் நீல வானம். அதில் ஒரு மேகம் மெல்ல நகர்ந்தது.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

ஜன்னல் கதவில் கைப்பிடி கழன்ற இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஓட்டை. சுபா அதில் விரலை வைத்தாள் – உலகம் போச்சு. எடுத்தாள் – வந்துவிட்டது! ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று நானும் ஊசித்துளைக் கேமராவுக்கு மெழுகுவர்த்திப் படம் போட்டு மார்க் வாங்கியவள்தான். அந்த நேர்கோடு இத்தனை அழகு என்று எந்தப் பரீட்சையில் கேட்டார்கள்? எப்போதும் டியூப்லைட் எரியும் அறை… கரண்ட் இருந்திருந்தால் அன்றும் தெரிந்திருக்காது.

சுவரில் ஒரு சைக்கிள் வந்தது. "எம்மா, நந்தனா!" கீழ்வீட்டுப் பெண், இவள் வயசுதான்.

"நீ போய் அவளக் கூப்பிடும்மா."

"நீ போ. நான் இங்க பாத்துக்கிட்டு இருக்கேன்."

கதவருகே நின்றாள். நகத்தைக் கடித்தாள். ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் படம் போய்விடும். கடைசியில் படியிறங்கும் சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் என் மகள் சுவரில் வந்தாள். தலைகீழாக, மஞ்சள் கவுனில். சைக்கிள் முன் போய் நின்றாள். மரக்கதவைத் தாண்டிக் குரல் கேட்டது.

"நந்தனா, வேகம் வா! ரோடு முழுக்க என்டெ முறியில இருக்கு!"

முறி என்றால் அறை. அதுவரை சரி; 'இருக்கு' என்று தமிழ் நடுவில் புகுந்துவிட்டது. நாலைந்து பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த மஞ்சள் கவுன் அசையவில்லை. திரும்பி ஓடிவந்துவிடுவாளோ…

இல்லை. இடுப்பில் கை வைத்தாள்.

"ரோடு என்டெ முறியில் உண்டு! காணணுமெங்கில் வா!"

சைக்கிள் சாய்ந்தது. எல்லாரும் ஓடிவந்தார்கள்.

அந்த இருட்டறையில் அத்தனை பிள்ளைகளும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். நந்தனாதான் கிசுகிசுத்தாள்: "தெய்வமே… இது ஆரு செய்தது?"

"ஆரும் செய்தில்லா. வெயில்," என்றாள் சுபா.

பிறகென்ன? சுவரில் வருவதற்காக ஆள் மாற்றி ஆள் தெருவுக்கு ஓட்டம். நந்தனா காம்பவுண்ட் சுவரில் காலைத் தூக்கி வைத்துத் தலைகீழாக நின்றாள் – எங்கள் சுவரில் அவள் ஒருத்திதான் நேராக நின்றாள்! அதைப் பார்த்துப் பதறி, மாடியில் என்னதான் நடக்கிறது என்று கேட்க ஏறி வந்த அவள் அம்மா, வாசலிலேயே தோசைக்கரண்டியோடு நின்றுவிட்டார். "எந்தொரு அதிசயம்!" என்றார் என்னிடம். நாங்கள் இருவரும் அன்றுதான் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

மத்தியானம் கலெக்டர் சொன்ன மழை வந்தது. சுவர் வெறும் சுவராகிவிட்டது.

பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்பளம் பொரித்துக்கொண்டு போனால், இருட்டில் வட்டமாக உட்கார்ந்து ஒரே பேச்சு. சுபா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது தமிழா மலையாளமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்களுக்குப் புரிந்தது!