பிறக்காமலே இறந்த பிள்ளைகளின் பட்டியல்

பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த தாள்கள் அவை. நாலைந்து தாள்களை மிஸ்ஸி ஓரத்தில் நூல் போட்டுத் தைத்திருந்தார். ஊதா மையில் நெருக்கமாக, மேலிருந்து கீழே பெண்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு குறிப்பு: “முன்மாரி நெல் வெட்டு நேரம், எட்டாம் நாள்”, “விதைப்புக்கு முந்தின கிழமை, ஆறாம் நாள்”, “நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், ஏழாம் நாள்.” ஒரு திங்கட்கிழமை காலை மிஸ்ஸி அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயரைக்கூட நான் வாசிக்கவில்லை. தாளை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில பதிவு இலக்கம் எங்க மிஸ்ஸி?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. வயது போனால் கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் கல்முனைப் பக்கத்துச் சுகாதார அலுவலகம் ஒன்றில் நான் தலைமைக் கிளாக்கர். மாதம் முடிந்ததும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு படிவம் நிரப்பி மேலே அனுப்ப வேண்டும்: எத்தனை பிறப்பு, எத்தனை மரணம், அதில் ஒரு வயதுக்குட்பட்டவை எத்தனை. பிறப்பு இறப்புப் பதிவாளரின் புத்தகத்தைப் பார்த்து எண்களை எடுத்து எழுதுவேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் புகழ்வார்கள். எனக்கும் அதில் ஒரு தலைக்கனம் இருந்தது. மிஸ்ஸி மருத்துவமாது, பிரசவம் பார்ப்பவர். எங்கள் பக்கத்தில் அவர்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கல்முனை மெதடிஸ்தக் குடும்பம் ஒன்றின் பெண், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கடலோரத்து ஊர்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டு, பஸ் ஏறி இறங்கி வயல் வரம்பில் நடந்து, வியாழக்கிழமைகளில் முஸ்லிம் ஊரான வரிப்பத்தான்சேனைக்கும் போய் வருவார். வியாழக்கிழமை பார்த்தா பிள்ளைகள் பிறக்கும்? மற்ற ஆறு நாளும் அந்த ஊர்ப் பெண்கள் சமையற்கட்டுக் கத்தியையும் அல்லாஹ்வையும் நம்பிப் பிள்ளை பெற்றார்கள்.

அந்த வருடம் எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு மருத்துவமாது பதவி வரப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. ஊரிலேயே தங்குவதற்கு வீடும் உண்டு. சிசு மரணம் அதிகமுள்ள ஊருக்கே அந்தப் பதவி என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் படிவங்களின்படி, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்த ஊர்களில் பிள்ளைகள் இறந்தார்கள். மருந்துக்கடைகூட இல்லாத வரிப்பத்தான்சேனையில் ஒரு பிள்ளையும் இறக்கவில்லை. மாதத்துக்கு மாதம் அந்த ஊருக்கு நேரே ‘இல்லை’ என்று நான்தான் எழுதியிருந்தேன்.

மிஸ்ஸிக்கு அது பொய் என்று தெரியும். போன வியாழன் வயிறும் பிள்ளையுமாக இருந்தவள் இந்த வியாழன் வெறுங்கையோடு இருப்பதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். ஏன் பதிவில் இல்லை என்று தேடியபோது காரணம் ஒளிந்திருக்கவில்லை. பிள்ளை பிறந்தால் நாற்பது நாள் கழியும்வரை வீட்டில் வேறு அலுவல் பார்க்க மாட்டார்கள். நாற்பது குளிப்பு முடிந்த பிறகுதான் வாப்பா பதிவாளரிடம் போவார். சட்டமும் நாற்பத்திரண்டு நாள் தவணை கொடுத்திருந்ததால் யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. ஆனால் எட்டாம் நாள் இறந்த பிள்ளைக்கு நாற்பது ஏது? பிறப்பே பதியாத பிள்ளைக்கு மரணம் பதிய யார் போவார்? குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுது, அடுத்த பாங்கு சொல்வதற்குள் அடக்கிவிடுவார்கள். அரசாங்கத்தின் கணக்கில் அந்தப் பிள்ளை பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

முதலில் அவர் பள்ளிவாசலுக்குப் போனார். சந்தூக்குப் பெட்டியில் எடுத்துப்போகும் ஒவ்வொரு மையித்துக்கும் பாங்கு சொல்லும் மோதினார் ஒரு புத்தகத்தில் குறிப்பு வைத்திருந்தார். அதைக் கேட்டு வாங்கி, வாசலுக்கு வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து இரண்டு வியாழக்கிழமை பார்த்து எழுதினார். எல்லாம் கிழடுகள். பிள்ளைகளே இல்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்துப் பள்ளி நிருவாகத்து மரைக்கார் சிரித்திருக்கிறார். “மகள், சின்னப் புள்ளைக்குச் சந்தூக்கு எடுக்கிறல்ல. வாப்பா கையில ஏந்திக்கிட்டுத்தான் போறது. எங்கட புத்தகத்தில அது எப்படி வரும்?” இரண்டு வாரம் வீண் என்று என்னிடம் வந்து சொன்னபோது நானும் சிரித்தேன்.

அவர் விடவில்லை. மையித்துக் கழுவும் மாமியிடம் போனார். ஊரில் எந்தப் பெண் இறந்தாலும், எந்தப் பிள்ளை இறந்தாலும் அந்த மாமியின் கை படாமல் போகாது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை, எத்தனையாம் நாள், அப்போது வயலில் என்ன வேலை நடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாராம். ஆங்கிலத் திகதி தெரியாத ஊருக்கு மிஸ்ஸி ஒரு காலக்கணக்கே செய்தார்: முன்மாரி விதைப்பு, வெட்டு, சூடடிப்பு, சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாள், நோன்பு, ஹஜ்ஜு. மாமி சொன்னதை அப்படியே நம்பவும் இல்லை. தாயிடமோ வீட்டாரிடமோ போய்க் கேட்டார், பக்கத்து வீட்டில் தனியாகக் கேட்டார், மூன்றும் ஒத்துவந்தால்தான் எழுதினார். மூன்று வருடத்தில் இறந்த பிள்ளைகள் இப்படித் தாளுக்கு வந்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரே கதைதான். பிறந்தபோது நல்ல பிள்ளை, பால் குடித்த பிள்ளை. ஐந்தாறு நாளில் பால் குடிக்க முடியாமல் வாய் இறுகும், உடம்பு வில்லாக வளையும். ஏற்புவலி, டெட்டனஸ். தாய்க்கு ஊசியும், தொப்புள்கொடி அறுக்கச் சுத்தமான ஒரு பிளேடும் இருந்தால் வராத நோய். வழமை போல என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிட்டு மிஸ்ஸி இதைச் சொன்னார். “ஒரு பிளேடு நானா! சவரம் எடுக்கிற பிளேடு!”

நான் தாள்களை வாங்கிப் பெரிய ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் எங்கள் அலுவலகத்தின் வைத்திய அதிகாரி, கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “பதிவில் இல்லாத மரணத்தை நான் எப்படி ஏற்பது? மையித்துக் கழுவும் பெண்பிள்ளை சொன்னதை மேலிடத்துக்கு அனுப்பினால் சிரிப்பார்கள்” என்றார். பதிவு இலக்கத்தோடு வந்தால் பார்க்கலாம் என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன், என் முத்தான கையெழுத்தில். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் ஏட்டுச் சுரைக்காயைத்தான் கறி வைத்தோம், கொல்லையில் காய்த்ததைச் சுரைக்காயே இல்லை என்றோம்.

மிஸ்ஸி ஊருக்குத் திரும்பிப்போய் வாப்பாமார்களிடம் வாசலுக்கு வாசல் கெஞ்சினார். பிந்திப் பதிவதென்றால் சத்தியக் கடதாசி வேண்டும், கிராம சேவகரின் கடிதம் வேண்டும், ஒரு நாள் வேலை போகும். “சுவர்க்கத்துக்குப் போன புள்ளைக்கு என்னத்துக்கு மிஸ்ஸி கடுதாசி?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். அப்படியிருந்தும் ஏழெட்டுப் பேர் மனம் இளகி ஒன்றாகப் புறப்பட்டுப் போனார்கள். பதிவாளர் முதலில் பிறப்பைப் பதிந்தார். மரணத்துக்கு வேறு படிவம், வேறு கடிதம், அடுத்த கிழமை வாருங்கள் என்றார். அடுத்த கிழமை வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். தண்ணீர் வந்தால் வயல் வட்டையை விட்டு எந்த விவசாயி பதிவாளரிடம் போவான்? ஒருவரும் போகவில்லை. அந்த மாதம் நான் படிவம் நிரப்பினேன். வரிப்பத்தான்சேனையில் பிறப்புகள் கூடியிருந்தன. சிசு மரணம் இல்லை. பெரிய ஐயா ஓரத்தில் ‘மெச்சத்தக்கது’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அந்தப் படிவத்தை மிஸ்ஸி பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து வந்தார், கதவைச் சாத்தினார். வழமையாக என்னை நானா என்பவர் அன்று ஐயா என்றார்.

“ஐயா, நான் குடுத்த பட்டியலை நீங்க ஒரு நாளும் வாசிக்கல்ல, என்ன?”

“பார்த்தேனே.”

“பார்க்கிறது வேற. முதலாவது பேரை வாசிங்க.”

வாசித்தேன். என் மனைவியின் பெயர். தாய் வீடு வரிப்பத்தான்சேனை. நாங்கள் கல்முனையில் வாடகை வீட்டில் இருந்தாலும் முதற்பிள்ளைக்கு அவள் தாய் வீட்டுக்குத்தான் போனாள். எட்டாம் நாள் மகன் மௌத்தானான். நான் கையில் ஏந்திக்கொண்டு போய் அடக்கிவிட்டு வந்தேன். மிஸ்ஸி அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கவில்லை. தாயின் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தவருக்கு, அந்த வீட்டு மருமகன் யார் என்பதை முந்தாநாள்தான் கழுவும் மாமி சொல்லியிருக்கிறார்.

“லீவு முடிஞ்சு வந்து அந்த மாசத்துப் படிவத்தை நிரப்பினது யாரு?”

நான்தான். வேறு யார்? ஐந்து நாள் லீவு முடித்து வந்து, இதே மேசையில் இருந்து, அந்த ஊருக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினேன். பதிவாளரின் புத்தகத்தில் இல்லை, ஆகவே இல்லை. வயல் வேலை செய்யும் மனிதருக்குத் தெரியவில்லை என்றால் நியாயம் உண்டு. நாற்பத்திரண்டு நாள் சட்டமும் மரணப் படிவமும் எனக்கு மனப்பாடம்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன், பதிவாளரிடம் போவோம் என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், “இப்பதான் உங்களுக்கு ஞாபகம் வந்ததா?” என்றாள். மறுநாள் முக்காடு போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், இரண்டு படிவம் எல்லாம் கையில். பதிவாளர் பிள்ளையின் பெயரைக் கேட்டார். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். ஏழாம் நாள் பெயர் வைக்க இருந்தோம், அன்றுதான் வாய் இறுகிவிட்டது. அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. பின்னால் நின்ற மனைவி பெயரைச் சொன்னாள், வாப்பா பெயரோடு சேர்த்து, தெளிவாக. அவளும் கழுவும் மாமியும் அந்தப் பெயர் சொல்லித்தான் அவனைக் குளிப்பாட்டினார்களாம். என் மகனின் பெயரை நான் ஒரு அரசாங்கக் கந்தோரில் கேட்டு அறிந்தேன்.

கிளாக்கரே போய்ப் பதிந்துவிட்டார் என்ற கதை ஊரில் பரவியது. வெட்டு முடிந்து கை ஓய்ந்த நேரம், வாப்பாமார் ஒவ்வொருவராகப் போனார்கள். பிறப்பும் மரணமும் ஒரே நாளில் பதிவதற்கு நானே கூட இருந்து படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன். இலக்கத்தோடு வந்த பட்டியலைப் பெரிய ஐயாவால் தட்ட முடியவில்லை. சில மாதத்தில் கடிதம் வந்தது. வரிப்பத்தான்சேனைக்கு ஒரு மருத்துவமாது, தங்க வீட்டோடு.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மிஸ்ஸியின் வீட்டுக்கே போனேன், ஏதோ நான் சாதித்துவிட்டது போல. அவர் வாசித்தார். மடித்துத் தந்தார். சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

“நானா, நான் பழசு மேலயும் புதுசு கீழயுமாத்தான் எழுதினனான். உங்கட பிள்ளை முதலாவது. மற்றப் பிள்ளையளெல்லாம் அதுக்குப் பிறகு.”

“ஓம்.”

“ஒரு சிசு மரணம் படிவத்தில விழுந்தாலும் மறு மாசம் ஆள் போய் விசாரிக்கவேணும் எண்டு ஒரு சுற்றறிக்கை இருக்கு. தெரியுமா?”

தெரியும். ஊருக்கு ஒன்றாக அதைப் பிரதி எடுத்து முத்திரை குத்தி அனுப்பியவன் நான். என் மகன் இறந்த மாதம் ‘ஒன்று’ என்று எழுதியிருந்தால் ஒருவர் போயிருப்பார். ஊசி போயிருக்கும். பிளேடு போயிருக்கும். அவனுக்குப் பின்னால் பட்டியலில் வந்தவர்கள் பிழைத்து, இப்போது பிள்ளை குட்டியோடு இருப்பார்கள். மிஸ்ஸி தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று வெளியே வந்தேன்.

வீட்டில் மனைவி கதவடியிலேயே காத்துக்கொண்டு நின்றாள். கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“மிஸ்ஸி சந்தோசப்பட்டாவா?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றேன்.